தனிக்கொட்டடியில் சிறுவர்கள்: ஒரு நல்லெண்ணத்தின் வரலாறு

ஆஸ்கார் வைல்ட் இரண்டாண்டுக் கடுங்காவல் முடிந்து 1897 மே 19 அன்று விடுதலையானார். அன்றே இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டு, கடல் கடந்து பிரான்சின் தியெப் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். சிறை மீண்ட எழுத்தாளரிடம் உலகம் எதை எதிர்பார்த்திருக்கும்? ஒரு கவிதையை, ஒரு நாடகத்தை, குறைந்தபட்சம் தன் தரப்பு நியாயத்தைச் சொல்லும் ஒரு கட்டுரையை. ஆனால் விடுதலைக்குப் பின் அவர் அச்சில் வெளியிட்ட முதல் எழுத்து, மே 28 அன்று லண்டன் "டெய்லி கிரானிக்கிள்" நாளிதழில் வந்த ஒரு நீண்ட கடிதம். ஒரு சிறை வார்டரையும், அவர் ஒரு குழந்தைக்குக் கொடுத்த சில பிஸ்கட்டுகளையும் பற்றியது அது.

வைல்ட் இருந்த ரெடிங் சிறையில் தாமஸ் மார்ட்டின் என்றொரு வார்டர் இருந்தார். முயல்களுக்குக் கண்ணி வைத்த குற்றத்துக்காக மூன்று சிறுவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். விடுதலைக்கு இரண்டு நாள் முன்பு, கைதி உடையில், கையில் படுக்கை விரிப்புடன் கொட்டடிக்கு அனுப்பப்படக் காத்து நின்ற அவர்களை வைல்ட் பார்த்தார். ஒருவன் மிகச் சிறியவன். அவன் உடம்புக்கு ஏற்ற கைதி உடுப்பே சிறையில் இல்லை. சிறைக் காலையுணவான முரட்டு ரொட்டியைத் தின்ன முடியாமல் பசியில் அழுத அந்தக் குழந்தைக்கு மார்ட்டின் இனிப்பு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். குழந்தைக்குச் சந்தோஷம் தாளவில்லை. இந்த வார்டர் எவ்வளவு நல்லவர் என்று மூத்த வார்டர் ஒருவரிடம் போய்ச் சொல்லிவிட்டது. மார்ட்டின் வேலைநீக்கம் செய்யப்பட்டார்.

இக்கடிதத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பிஸ்கட்டோடு நின்றுவிடுகிறார்கள். நியாயம்தான், மறக்க முடியாத சம்பவம் அது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கடிதத்தின் மற்றொரு பகுதி. தன் கொட்டடிக்கு எதிரே அடைக்கப்பட்டிருந்த இன்னொரு சிறுவனைப் பற்றி வைல்ட் அதில் எழுதுகிறார். அவன் தண்டனை பெற்றவன்கூட அல்லன், விசாரணைக் கைதி. மங்கிய வெளிச்சமுள்ள அறையில் நாளின் இருபத்து மூன்று மணி நேரம் தனியே பூட்டிவைக்கப்பட்ட குழந்தையின் முகத்தில் கண்ட பீதியை, வேட்டைக்காரர்களிடம் அகப்பட்ட விலங்கின் பீதியாக அவர் விவரிக்கிறார். பெற்றோர் தண்டித்தால் குழந்தைக்குப் புரியும். சமூகம் என்ற ஒன்று தண்டிக்கிறது என்பதை அதனால் புரிந்துகொள்ள முடியாது என்கிறார். பிறகு ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்கிறார். இந்தக் கொடுமை குரூரமான மனங்களிலிருந்து வந்ததல்ல, யோசிக்காத மனங்களிலிருந்து வந்தது என்கிறார்.

அது முழு உண்மையா என்பதில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. அந்தச் சிறுவர்கள் தனித்தனி அறையில் பூட்டப்பட்டதற்குப் பின்னால் நூறாண்டு யோசனை இருந்தது. யோசித்தவர்கள் அக்காலத்தின் மிகக் கருணையுள்ள மனிதர்கள். அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் சிறை என்பது ஒரு பெருங்கூடம். கொலைகாரன், கடன்காரன், ரொட்டி திருடிய பத்து வயதுப் பையன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கிடந்தார்கள். சீர்திருத்தவாதிகளைப் பதறவைத்தது இதுதான். பையன் உள்ளே போகும்போது ரொட்டித் திருடன், வெளியே வரும்போது தேர்ந்த கொள்ளைக்காரன். லண்டனில் சிறுவர் குற்றங்கள் பெருகுவது ஏன் என்று ஆராய்ந்த குழு ஒன்று 1816-இல் வெளியிட்ட அறிக்கையும், சிறையே குற்றத்தின் பள்ளிக்கூடமாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. தீய சகவாசம் தொற்றுநோய் போன்றது என்பது அக்காலத்தின் உவமை. நமக்கும் இது அந்நியமான சிந்தனையல்ல. "சிற்றினம் சேராமை" என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். தொற்றுநோய்க்கு மருந்து என்ன? தனிமைப்படுத்துவது.

ஃபிலடெல்ஃபியாவின் க்வேக்கர்களும் அவர்களோடு சேர்ந்த நல்லவர்களும் இந்த மருந்தைக் கட்டடமாக்கினார்கள். 1829-இல் திறக்கப்பட்ட ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில் ஒவ்வொரு கைதிக்கும் ஓர் அறை, கூரையில் ஒரு சாளரம், கையில் ஒரு பைபிள். சவுக்கில்லை, வசவில்லை, மனித முகமும் ஏறக்குறைய இல்லை. தனிமையில் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஐரோப்பாவிலிருந்து ஆய்வாளர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். பிரான்சிலிருந்து தொக்வீலும் பொமோனும் 1831-இல் வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வில்லியம் க்ராஃபோர்ட் வந்து, 1834-இல் அறிக்கை எழுதினார். சிறுவர் குற்றங்கள் குறித்து நெடுங்காலம் கவலைப்பட்டுவந்தவர் அவர். அடுத்த ஆண்டே சிறை ஆய்வாளராக நியமிக்கப்பட்டு, தனிப்பிரிப்பு முறையை இங்கிலாந்து முழுதும் பரப்புவதில் முன்நின்றார்.

1842-இல் அதே சிறைக்கு இன்னொருவரும் வந்தார். அவர் ஆய்வாளர் அல்லர், நாவலாசிரியர். சார்லஸ் டிக்கன்ஸ் தன் அமெரிக்கப் பயண நூலில் எழுதிய ஃபிலடெல்ஃபியா அத்தியாயம் இன்றும் படிக்கத்தக்கது. உடம்பில் விழும் அடியைக் காட்டிலும் மூளையின் நுட்பங்களை நாள்தோறும் மெல்ல மெல்லக் குலைப்பது மோசமான சித்திரவதை என்றார். இதை வகுத்தவர்கள் இரக்கமும் நல்ல நோக்கமும் கொண்டவர்கள் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்று சேர்த்துக்கொண்டார். வைல்ட் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சொன்னதன் முன்வடிவம் இது. ஆய்வாளர்களுக்குத் தென்படாதது எழுத்தாளர்கள் இருவருக்கும் தென்பட்டது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டிக்கன்ஸ் அறைகளுக்குள் போய் அங்கிருந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார். வைல்டோ அப்படியோர் அறையிலேயே இருந்தவர்.

இந்த மருந்தைச் சிறுவர்களுக்கு மிக முழுமையாகக் கொடுத்துப் பார்த்த இடம் பாரிஸ். 1836-இல் திறந்த "லா பெத்தித் ரொக்கெத்" சிறுவர்களுக்கென்றே ஆன சிறை. அறுகோண வடிவில் லெபா என்ற கட்டடக்கலைஞர் அமைத்தது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே இரவும் பகலும் முழுத் தனிமை என்ற விதி வந்தது. சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் அறைக்குள்ளேயே. பிரார்த்தனைக் கூடத்தில்கூட ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனி மரப்பெட்டி போன்ற தடுப்பு. பாதிரியார் தெரிவார், பக்கத்துப் பையன் தெரிய மாட்டான். இங்கே இருந்தவர்கள் திருடர்கள் மட்டுமல்லர். பிரெஞ்சு உரிமையியல் சட்டப்படி, அடங்காத மகனைக் கொஞ்ச காலம் காவலில் வைக்கும்படி தகப்பனே கேட்கலாம். அப்படிக் கேட்ட கௌரவமான குடும்பங்களுக்குத் தனிமை முறை வசதியாகவும் இருந்தது. பையனை யாரும் பார்க்க மாட்டார்கள், ஊரில் பேச்சு கிளம்பாது. குழந்தையின் ஆன்மாவைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு குடும்ப மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றியது! ஒரு தலைமுறைக் காலம் இது நடந்தது. 1865-இல் பேரரசி யூஜெனி நேரில் வந்து பார்த்த பிறகுதான் அங்கே சிறுவர்களுக்கு முழுத் தனிமை என்பது கைவிடப்பட்டது.

இங்கிலாந்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. 1838-இல் வைட் தீவில் ஒரு பழைய ராணுவ மருத்துவமனையைச் சிறுவர் சிறையாக்கினார்கள். பார்க்கர்ஸ்ட் என்று பெயர். புதிதாக வருபவன் முதல் சில மாதங்கள் தனியறையில் "பரீட்சைக் காலம்" கழிக்க வேண்டும். பிறகுதான் மற்றவர்களோடு வேலையும் படிப்பும். ஆரம்ப ஆண்டுகளில் காலில் இரும்பும் இருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பார்க்கர்ஸ்டைக் கடுமையாக விமர்சித்தவர் பிரிஸ்டலின் மேரி கார்ப்பெண்டர். ராஜா ராம்மோகன் ராயைத் தன் இளமையில் சந்தித்து, பின்னாளில் அவருடைய கடைசி நாட்களைப் பற்றி நூலெழுதியவர். 1866 முதல் நான்கு முறை இந்தியாவுக்கு வந்தவர். கடைசல் எந்திரம் போல எல்லோரையும் ஒரே அச்சில் திருப்பும் ஒழுங்கால் குழந்தை திருந்தாது, அதற்கு வீடு போன்ற ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய வாதம். 1851 டிசம்பரில் அவரும் நண்பர்களும் இதற்காக ஒரு மாநாடு கூட்டினார்கள். கூடிய ஊர் பர்மிங்ஹாம்.

அந்த ஊரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மாநாடு முடிந்து பதினாறே மாதத்தில் அதே ஊரில் எட்வர்ட் ஆண்ட்ரூஸ் இறந்தான்.

பர்மிங்ஹாம் நகரச் சிறை 1849-இல் திறந்தது, நவீனமானது. அதன் முதல் தலைவர் அலெக்சாண்டர் மக்கானக்கி, நார்ஃபோக் தீவில் கைதிகளைக் கௌரவமாக நடத்திப் பார்த்துப் புகழும் வசையும் பெற்றவர். (அவர் காலத்திலும் பர்மிங்ஹாமில் சட்டத்துக்குப் புறம்பான தண்டனைகள் நடந்தன என்று பிறகு விசாரித்த ஆணையம் சொன்னது; நல்லவர்களின் கணக்கிலும் இப்படிச் சில பற்றுகள் உண்டு.) 1851-இல் அவரை அனுப்பிவிட்டு, உதவியாளராக இருந்த லெஃப்டினன்ட் வில்லியம் ஆஸ்டினைத் தலைவராக்கினார்கள். ஆண்ட்ரூஸ் 1853 மார்ச் 28 அன்று உள்ளே வந்தான். வயது 15. குற்றம், நான்கு பவுண்டு மாட்டிறைச்சி திருடியது. தண்டனை மூன்று மாதம். அமைதியான, சொன்னதைக் கேட்கும் பையன் என்பது சிறைப் பாதிரியாரின் சாட்சியம்.

அவனுக்குக் கொடுத்த வேலை "கிராங்க்". தனியறையில் பொருத்திய ஒரு கைப்பிடி. சுற்றுகளை எண்ணிக் காட்ட ஒரு கருவி. அது மாவரைப்பதில்லை, நீர் இறைப்பதில்லை, எதற்கும் பயன்படுவதில்லை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் சுற்று. காலையுணவுக்கு முன் 2,000, பகலுணவுக்கு முன் 4,000, இரவுணவுக்கு முன் 4,000. கணக்கு முடியாவிட்டால் ரொட்டியும் தண்ணீரும்தான். நம்மூரில் செக்கிழுத்த சிறைக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அளவுகள் ஓரளவு புரியும். ஆனால் செக்கிலிருந்து எண்ணெயாவது வந்தது. ஆணையம் பிறகு நிபுணர்களைக் கொண்டு கணக்கிட்டது. வெளியே சாதாரண வேலை பார்க்கும் ஒரு சிறுவனின் உழைப்பு, வண்டியிழுக்கும் குதிரையின் உழைப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆண்ட்ரூஸிடம் கேட்கப்பட்டது நாலில் ஒரு பங்கு. அவனால் முடியவில்லை. முடியாததற்குத் தண்டனையாக, கைகளைக் கட்டிப்போடும் இறுக்கச் சட்டையை மாட்டி, கழுத்தைச் சுற்றித் தோல்பட்டையை இறுக்கி, சுவரோடு நிற்கவைத்துப் பல மணி நேரம் கட்டினார்கள். மயங்கினால் தெளிவிக்கத் தண்ணீர். ஏப்ரல் 27 அன்று, உள்ளே வந்த முப்பதாம் நாள், அவன் தன் அறையில் தூக்கிட்டுக்கொண்டான்.

விசாரணை நடந்தது, அரச ஆணையம் அமர்ந்தது, அறிக்கை 1854-இல் வந்தது. ஆஸ்டின்மேல் வழக்குத் தொடர்ந்து 1855-இல் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மாட்டிறைச்சி திருடிய பையனுக்குக் கிடைத்த அதே மூன்று மாதம்.

சார்லஸ் ரீட் என்ற நாவலாசிரியர் இந்த அறிக்கைகளை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு 1856-இல் ஒரு நாவல் எழுதினார். "திருந்தக் காலம் கடந்துவிடவில்லை" என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். ஆண்ட்ரூஸ் அதில் ஜோசப்ஸ் ஆனான், ஆஸ்டின் ஹாஸ் ஆனார். நாவல் பரபரப்பாக விற்றது. 1865-இல் மேடையேறியபோது சிறைக் காட்சியின் கொடுமை தாளாமல் அரங்கிலேயே ஆட்சேபக் குரல் எழுந்தது. இலக்கியமாக அதற்குப் பெரிய ஆயுள் இல்லை. மிகையுணர்ச்சி, நீளம், ஆசிரியர் நடுவே நின்று அறைகூவுவது. ஆயினும் ஆணையங்களின் அறிக்கையை வாசகனின் வயிற்றுக்குக் கொண்டுபோனதில் ரீடுக்கு முன்னோடிகள் குறைவு. ஆனால் அவர் வரைந்த ஹாஸ் ஒரு பிசாசு, அதுவே நாவலின் பலவீனம் என்று தோன்றுகிறது. பிசாசைத் துரத்திவிட்டால் போதும், அறை இருக்கலாம் என்று வாசகன் நிம்மதியடைந்துவிடலாம். அப்படித்தான் நடந்தது. ஆஸ்டின் போனார், அறைகள் இருந்தன.

1854-இலேயே சிறுவர் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டம் வந்தது. கார்ப்பெண்டரின் வெற்றி என்று அதைச் சொல்வது வழக்கம். பாதிதான் வெற்றி. பள்ளிக்குப் போகுமுன் பையன் குறைந்தது 14 நாட்கள் சிறையில் இருந்தாக வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. பள்ளி என்பது தண்டனையல்ல என்றால், தண்டனை எங்கே? அதற்காக அந்தப் பதினான்கு நாள். கார்ப்பெண்டர் இதை எதிர்த்தார். இருந்தும் நூற்றாண்டின் கடைசிவரை அந்த வழக்கம் தொடர்ந்தது. இதன் இந்திய நிழலையும் இங்கே சொல்லிவிடலாம். 1876-இல் இந்தியாவுக்கும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. செங்கல்பட்டில் அப்படியொரு பள்ளி எழுந்தது. 1920-இல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணத்தில் சிறுவர் சட்டம் நிறைவேறியது. அதே சமயம் 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் பிரிவு 73-இல், மொத்தம் மூன்று மாதம்வரை தனிச்சிறை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. ஃபிலடெல்ஃபியாவின் யோசனை அந்தப் பிரிவில் ஒளிந்திருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 11-ஆம் பிரிவாக இடம்பிடித்துவிட்டது. இது பெரியவர்களுக்கான சட்டம், சிறார்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் யோசனைகளின் ஆயுளைக் கவனியுங்கள்.

ரெடிங் சிறைக்குத் திரும்புகிறேன். கார்ப்பெண்டருக்கும் ரீடுக்கும் பிறகு நாற்பதாண்டு கழிந்தும், முயல் பிடித்த குழந்தைகள் தனியறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மூவரின் அபராதத் தொகை எவ்வளவு, தான் கட்டி அவர்களை வெளியே கொண்டுவர முடியுமா என்று, இன்னும் கைதியாகவே இருந்த வைல்ட் மார்ட்டினுக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கேட்டார். 1898-இல் சிறைச் சட்டம் திருத்தப்பட்டபோது அவர் "டெய்லி கிரானிக்கிளுக்கு" இன்னொரு கடிதமும் எழுதினார். குழந்தைகளுக்கான மாற்றம் முழுதாக வந்தது 1908-இல். 14 வயதுக்குட்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்புவதை அவ்வாண்டின் சிறுவர் சட்டம் தடைசெய்தது. 14 முதல் 16 வரை? அவர்களையும் அனுப்பக் கூடாது, "அடக்க முடியாதவன்" என்று நீதிமன்றம் சான்று தந்தாலன்றி.

இந்த "தந்தாலன்றி" என்ற சொல்லுக்குள்தான் அடுத்த நூறாண்டுக் கதை நுழைந்துகொண்டது. தனிச்சிறை என்ற பெயர் சிறுவர் விடுதிகளிலிருந்து மெல்ல மறைந்தது. அதன் இடத்தில் பிரிப்பு, கூட்டத்திலிருந்து விலக்கல், அமைதியறை என்று பெயர்கள் வந்தன. 1990-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விதிகள் சிறார்களைத் தனிச்சிறையில் அடைப்பதை வெளிப்படையாகத் தடைசெய்தன. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் டான் டேல் சிறுவர் காவல் இல்லத்தில் இயற்கை வெளிச்சமில்லாத தனியறைகள் இருந்த பகுதிக்கு "நடத்தை மேலாண்மைப் பிரிவு" என்று பெயர். 2014-இல் அங்கே அடைபட்டிருந்த சிறுவர்கள்மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்ட காட்சிகள் 2016 ஜூலையில் தொலைக்காட்சியில் வெளியான மறுநாள், பிரதமர் அரச ஆணையம் அறிவித்தார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவில் அதற்குப் "தண்டனைப் பிரிப்பு" என்று பெயர். முதுகுப்பை திருடியதாக 2010-இல் கைதான கலீஃப் பிரவுடர் அப்போது 16 வயதுப் பையன். தான் திருடவில்லை என்று கடைசிவரை சொன்னான். வழக்கு விசாரணைக்கே வராமல் மூன்றாண்டு, அதில் சுமார் இரண்டாண்டு தனியறையில். 2013-இல் வழக்கைக் கைவிட்டு விடுவித்தார்கள். 2015 ஜூனில் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டான். அடுத்த ஜனவரியில், கூட்டரசின் சிறைகளில் சிறார்களுக்குத் தனிச்சிறையைத் தடைசெய்தபோது, அதிபர் ஒபாமா அவன் பெயரைச் சொல்லித் தொடங்கினார்.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாகப் போயிற்று. லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில் உள்ள இளையோர் சிறையில் 2016 டிசம்பர் 10 முதல் 2017 பிப்ரவரி 2 வரை 55 நாட்கள் ஒரு சிறுவன், நாளில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று மணி நேரம் தன் அறையில் தனியே பூட்டப்பட்டிருந்தான். வயது 15. தீர்ப்புகளில் அவனுக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள் மட்டும். உளவியல் ரீதியாகப் பல சிக்கல்கள் உள்ளவன், மற்றவர்களோடு மோதுபவன், ஊழியர்களைத் தாக்கியவன். நல்ல பையன் என்று எவரும் சாட்சி சொல்லவில்லை. அவன் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அவனை அப்படி வைத்திருந்ததில் சிறை விதிகள் மீறப்பட்டன என்று கீழ் நீதிமன்றமே சொல்லியிருந்தது. 18 வயதுக்குட்பட்டவரைத் தனிச்சிறையில் அடைப்பது எப்போதுமே மனிதத்தன்மையற்ற செயல்தானா என்பதே மேல்முறையீட்டின் கேள்வி. அப்படிப் பொதுவிதி வகுக்க முடியாது, ஒவ்வொரு வழக்கையும் அதனதன் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும் என்று 2021 ஜூலை 9 அன்று தீர்ப்பு வந்தது.

வேறெந்தச் சிறுவனும் வெளியே இல்லாதபோது மட்டும் அவன் அறை திறக்கப்படும் என்பது அங்கே ஏற்பாடு. அதற்குச் சிறையில் வழங்கிய பெயர் "சிங்கிள் அன்லாக்", ஒற்றைத் திறப்பு.